மூன்றாம் வார்த்தையின் சுதி

கவரை அப்படி இழுக்காதீர்கள் அண்ணே, ஜிப் பிய்ந்துவிடும். ஓரத்தைப் பிடித்து மெதுவாக. ஆங், அப்படித்தான். ஒரு வருஷமாக இந்தக் கீபோர்டு கவருக்குள்ளேயே கிடக்கிறது. என் கையில் கொடுப்பதைவிட எலி தின்றால் பரவாயில்லை என்று கோயில் கமிட்டிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆமாம், நான்தான் எப்சிபா. எனக்கு முன்னால் இன்பராஜ் மாமா வாசித்தார், அவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பிறகு நாலு மாசம் நான். இன்றைக்கு நீங்கள்.

டீ குடித்தாச்சா? யாரோ ஒரு அக்கா ஃபிளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்தார்களா? சரி, கொயரில், அதான் பாட்டுக்குழுவில், யாராவதாக இருக்கும். இந்த ஊரில் வெளியூர் ஆளுக்கு மட்டும் நன்றாக டீ கொடுப்பார்கள்.

மணி இப்போது பதினொன்று. பதினொன்றரைக்கு முதல் மணி, பன்னிரண்டுக்கு இரண்டாம் மணி. அதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். அதற்காகத்தான் சோறுகூடத் தின்னாமல் ஓடி வந்தேன். பெரிய வெள்ளிக்கு உபவாசம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை, தின்னவில்லை அல்லவா, அப்போது அது உபவாசம்தானே.

என்னைப் பற்றி உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பார்கள். எப்சிபா ஒரு பொல்லாத பிள்ளை, வாய்த்துடுக்கு, பள்ளிக்கூடத்தில் பெயிலாகி நின்றவள் என்று. பெயிலாகவில்லை. நானே நின்றேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு மிஸ் போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டார்கள். தப்பு மிஸ் என்றேன். உட்காரு என்றார்கள். தப்புதானே மிஸ் என்றேன். வெளியே போ என்றார்கள். போனேன், திரும்பிப் போகவில்லை. அந்த வாரம் மிஸ்ஸுடைய வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாராம். பாவம்தான். ஆனால் அதற்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? தப்பு தப்புதானே. எனக்குப் பொய் வராது அண்ணே. என்னிடம் இருக்கிற ஒரே நல்ல குணம் அதுதான், ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காத குணமும் அதுதான்.

உங்கள் சபையில் டிரம்ஸ், கிதார் என்று கைதட்டிப் பாடுவீர்களாம், மும்மணி ஆராதனை கிடையாதாமே. அப்படியென்றால் சொல்கிறேன். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தை, வார்த்தைக்கு ஒரு பிரசங்கம், ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் பிறகு ஒரு தனிப்பாட்டு. பாட்டு ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்குப் பட்டா போட்ட மாதிரி. ஆள் செத்தால்தான் கை மாறும். மூன்றாம் வார்த்தை, அதாவது அம்மாவைச் சீடன் கையில் ஒப்படைக்கிற வார்த்தை, அது ரோஸ்லெட் அக்காவுடையது. பத்தொன்பது வருஷம்.

ரோஸ்லெட் அக்கா சத்துணவு டீச்சர். நாற்பத்து நாலு வயது. கலியாணம் ஆகாததால் எல்லாருக்கும் அக்கா. என் அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா, நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் அக்கா. வருஷம் முழுக்கப் பருப்பும் முட்டையும் எண்ணிவிட்டு அந்த ஒரு நாள் வெள்ளைச் சேலை கட்டி மைக் முன்னால் நிற்பாள். அந்த ஒரு நாளில் அவள் வேறு ஆள்.

அந்தப் பாட்டு வேறு எந்தக் கோயிலிலும் கிடையாது. முன்னால் இங்கே இருந்த ஒரு ஐயர், எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்போம், அவர் எழுதியது. 'என் பிள்ளை முகத்தை யார் துடைப்பார்' என்று மரியாள் கேட்கிற மாதிரி வரும். மூன்றாவது அடியில் அந்த 'யார்' மேலே ஏறி அங்கேயே நிற்கும். அந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அதற்கென்றே தேய்த்து மடித்துக் கொண்டுவருவார்கள்.

நான் கீபோர்டுக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை பிராக்டீஸ். கொயரில் பதினாலு பேரும் இருக்கிறார்கள். நான் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இடது கை கொஞ்சம் இடறும், அவ்வளவுதான். அக்கா பாட்டை நிறுத்தினாள்.

"எப்சி, அந்தப் பெடல்ல இருந்து காலை எடு."

"ஏன்க்கா?"

"எல்லாச் சத்தமும் ஒண்ணாக் கலங்குது பாரு. தப்பை அதுக்குள்ள ஒளிக்காத. தப்புன்னா தப்பாவே கேக்கட்டும். அப்பதான் திருந்தும்."

டெனர் பாடுகிற ஜெபசிங் இருக்கிறானே, அவன் உடனே, "பெடலை எடுத்தா பாட்டு கேக்காதுக்கா, தப்பு மட்டும்தான் கேக்கும்" என்றான். பதினாலு பேரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு ஒன்றுமில்லை. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் கிடையாது. தேதி டிசம்பர் பதினாலு, சாயங்காலம் நாலே முக்கால்.

அதற்கு அடுத்த வாரம்தான் இதைக் கண்டுபிடித்தேன். இதோ பாருங்கள், டிரான்ஸ்போஸ் பட்டன் பக்கத்தில் பசை கறுத்துக் கிடக்கிறதல்லவா? இந்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டு செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. 'ரோஸ்லெட் மைனஸ் மூணு.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஆனால் இந்தக் கோயிலில் ஒருத்தருக்கும் அந்தப் பட்டன் எதற்கென்று தெரியாது. கை அதே கீயில்தான் வாசிக்கும், சத்தம் மட்டும் மூன்று படி இறங்கிக் கேட்கும். என் அம்மாவுக்கு எப்படிச் சொன்னேன் தெரியுமா? தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற மாதிரி என்றேன். புத்தகத்தில் எஃப் சுதி என்று அச்சடித்திருக்கிறது. இன்பராஜ் மாமா யாருக்கும் தெரியாமல் மூன்று படி இறக்கிக் கொடுத்திருக்கிறார். அக்கா அந்த 'யார்' என்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, ஊர் அழுதிருக்கிறது. எல்லாம் புளி.

எனக்கு வயிறு எரிந்தது அண்ணே. பெடலுக்குள் தப்பை ஒளிக்காதே என்று எனக்குச் சொன்ன வாய். பாவம், அந்த அக்காவுக்கே இது தெரியாது என்று நினைத்தேன். இருபத்தைந்து வயதில் பாடிய மாதிரியே இன்றைக்கும் பாடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், இன்பராஜ் மாமா அவளை ஏமாற்றிவிட்டார் என்று. கோயிலுக்குள்ளே, பெரிய வெள்ளி அன்றைக்கு, இப்படி ஒரு பொய்.

போன வருஷம் பெரிய வெள்ளிக்குச் சீட்டைப் பார்த்தேன். சைபரில் வைத்தேன்.

நன்றாகக் கேளுங்கள். ஏற்றவில்லை. ஊரில் ஏற்றிவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். ஒரு படி ஏற்றியிருந்தால் என்னைக் கேளுங்கள். புத்தகத்தில் உள்ள சுதியில் வாசித்தேன். அதற்குப் பெயர் துரோகமா?

முன்னிசையின் முதல் சத்தம் வந்ததும் அக்காவின் தலை என் பக்கம் திரும்பியது. அந்த நேரமே என் புத்தியில் ஓடியிருக்க வேண்டும், இவளுக்கு எப்படி ஒரு சத்தத்திலேயே தெரிந்தது என்று. ஓடவில்லை. அவள் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. கழுத்தில் எப்போதும் அகலமாக ஒரு பாசிமாலை போட்டிருப்பாள், அதைப் பிடித்துக்கொண்டாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுதானே முறை.

பாடாமல் உட்கார்ந்திருக்கலாம். யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள். முதல் அடி வந்துவிட்டது. இரண்டாவது அடியில் குரல் மெலிந்தது. மூன்றாவது அடியில் அந்த 'யார்' ஏறுகிற இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம். கதவிடுக்கில் பூனைக்குட்டி மாட்டின மாதிரி. மைக் வேறு அதைப் பிடித்து நாலு ஸ்பீக்கரிலும் போட்டது, வேப்பமரத்து ஸ்பீக்கர் உட்பட.

நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. பாடுகிறவர் தடுக்கினாலும் வாத்தியம் நிற்கக்கூடாது, அது ரூல். அடியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். அவளும் திரும்ப எடுத்தாள். திரும்பவும் அதே இடம், அதே கீச். இந்தத் தடவை என்னையே பார்த்துக்கொண்டு பாடினாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் அந்த மாதிரி ஒரு பார்வை. பட்டன் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மூன்று தட்டு. ஒரு செகண்டு வேலை. எனக்கு அவளே சொன்னது ஞாபகம் வந்தது. தப்புன்னா தப்பாவே கேக்கட்டும்.

மூன்றாவது தரம் அவள் பாடவில்லை, வெறும் வாயால் சொன்னாள். "யார்... யார் துடைப்பார்..." என்று, ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் ஒன்று சிரித்தது. பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. பெரிய பெண்கள் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். கைக்குட்டை அழுவதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. ஐயர் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தார். கடைசிச் சரணம் பாக்கி இருக்கும்போதே, "நாம் நான்காம் வார்த்தைக்குக் கடந்து செல்வோம்" என்றுவிட்டார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற வார்த்தை.

அக்கா மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத்தான் போனாள். அவசரப்படவில்லை. கொயர் பெஞ்சுக்குப் போகவில்லை, பக்கவாசல் வழியாக வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். செருப்பு முன்வாசலில் கிடந்தது.

யாரோ ஒரு பையன் போனில் பிடித்துவிட்டான். அன்றைக்குச் சாயங்காலமே சபை குரூப்பில், வாலிபர் குரூப்பில், எல்லாவற்றிலும் வந்துவிட்டது. நான் அனுப்பவில்லை. எனக்கு வந்தது. நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினேன், அதுவும் சென்னையில் இருக்கிற என் பெரியம்மா மகளுக்கு. அதற்கப்புறம் சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகள் தட்டை நீட்டும்போது 'யாஆர்' என்று கீச்சுக்குரலில் கேட்பார்களாம். அக்கா சோற்றை மட்டும் போடுவாளாம். அடித்திருந்தால் விட்டிருக்கும் பிள்ளைகள். அதற்கும் நானா பொறுப்பு?

ஈஸ்டர் முடிந்து அம்மா என்னை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாசிமாலை இல்லை. கழுத்தில் குறுக்கே ஒரு தழும்பு, பிளேடால் கோடு போட்ட மாதிரி.

"மன்னிப்புக் கேளுட்டி" என்று அம்மா என் முதுகில் குத்தினாள்.

"எதுக்கு? நான் புத்தகத்துல உள்ள சுதியிலதான வாசிச்சேன். அக்கா, ஒங்கள இத்தன வருசமா ஏமாத்திருக்காங்க. இன்பராஜ் மாமா சீட்டு எழுதி ஒட்டி வச்சிருக்காரு. ஒங்களுக்கு அது தெரியுமா?"

அக்கா கீரையைத்தான் பார்த்தாள். "எழுதுனது நான்ட்டி. ஒட்டுனதும் நான். அது என் கையெழுத்து."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தைராய்டு ஆப்பரேசன் பண்ணி ஆறு வருசம் ஆச்சு. மேல பாட முடியாதும்மான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் இன்பராஜண்ணன்கிட்ட கேட்டேன், மூணு எறக்கிக் குடுங்கண்ணே, அந்த ஒரு பாட்டு மட்டும் போதும்னு. கொயர்ல எல்லாருக்கும் தெரியும். ஒனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உள்ளதைச் சொன்னேன். "அப்போ இன்னும் மோசம்லாக்கா. தெரிஞ்சே ஏமாத்திருக்கீங்க."

அம்மா அறைந்தாள். இந்தக் கன்னத்தில். அக்கா, "அடிக்காத, அது சரியாத்தான் சொல்லுது" என்றாள். உருவிய கீரையில் பாதியை முறத்திலிருந்து அள்ளி ஒரு பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. பையிலேயே மஞ்சளாகிப் போனது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. எப்சி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். பதினாறு வயதில் எனக்கு எதற்கு ஓய்வு? சீட்டை யாரோ உரித்துவிட்டார்கள், கீபோர்டைக் கவருக்குள் தள்ளிவிட்டார்கள். ஒரு வருஷமாக வாத்தியம் இல்லாமலே பாடினார்கள். ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும்போது ஒரு சுதி, முடியும்போது ஒரு சுதி. கேட்கச் சகிக்காது. நான் இருந்தால் தப்பு என்று சொல்லிவிடுவேன் என்று பயம், வேறென்ன. என் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்கார்வதும் இல்லை. கால் நீட்ட வசதிதான்.

இந்த வருஷம் லெந்து நாள், அதாவது பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள், தொடங்கியதும் ஐயர் கொயரைக் கூட்டி, மூன்றாம் வார்த்தை யார் பாடுகிறீர்கள் என்று கேட்டார். நானும் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி சளி என்றாள். ஒருத்தி மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். ஒருத்தி அந்தப் பாட்டே எனக்குத் தெரியாது என்றாள், வருஷாவருஷம் கேட்டு அழுகிறவள். எல்லாம் பொய். ஐயர் திரும்பக் கேட்டார். நான் எழுந்தேன்.

"நான் பாடுதேன்யா."

பதினாலு தலையும் திரும்பியது. ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். ஜெபசிங் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். ரோஸ்லெட் அக்கா கைக்குழந்தைக்காரிகளோடு ஓரத்தில் இருந்தாள். இப்போதெல்லாம் அங்கேதான் இருப்பாள்.

"எப்சியே பாடட்டும்யா" என்றாள். "புத்தகத்துல போட்டிருக்க மாதிரியே பாடட்டும். அந்தப் பாட்டை உள்ளபடி கேட்டு எவ்வளவு நாளாச்சு."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். அக்கா என்னை மன்னித்துவிட்டாள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். எல்லாருமே அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை.

நான் நன்றாகத்தான் பாடுவேன் அண்ணே. முதல் அடி அருமையாக வரும். இரண்டாவதும் வரும். அந்த 'யார்' மட்டும்... காலையில் வரும், மத்தியானம் வராது. கிணற்றடியில் வரும், கோயிலில் வராது. நாற்பது நாளும் பாடிப் பார்த்துவிட்டேன். நேற்று அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வேண்டாம்ட்டி, காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கோ" என்றாள். எனக்குக் காய்ச்சல் இல்லையே. இல்லாததை எப்படிச் சொல்வேன்?

அதனால்தான் வந்தேன். சின்ன உதவி. மூன்றாம் வார்த்தைக்கு மட்டும் அந்தப் பட்டனைக் கீழே ஒரு இரண்டு தட்டு. மூன்று என்றால் இன்னும் நல்லது. சீட்டெல்லாம் வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் சைபருக்கு வந்துவிடுங்கள். ஒருத்தருக்கும் தெரியாது.

இது பொய் இல்லை. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவள் விஷயம் வேறு, என் விஷயம் வேறு. அவள் ஆறு வருஷம் ஏமாற்றினாள். எனக்கு இந்த ஒரு நாள்தான். வெயிலில் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. அடுத்த வருஷம் உள்ள சுதியிலேயே பாடிவிடுவேன்.

என்ன? முடியாதா? ஒரு பட்டன் அண்ணே! வாக்குக் கொடுத்துவிட்டீர்களா? யாருக்கு?

டீ கொண்டுவந்தவளுக்கா?

கழுத்தில் பாசிமாலை போட்டிருந்தாளா? அகலமாக?

என்ன சொன்னாள்? அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

"மூணாம் வார்த்தைக்கு மட்டும் அந்தப் பட்டனைத் தொட்டுராதீங்க தம்பி. அந்தப் பிள்ளைக்குப் பொய் பிடிக்காது."

இப்படியேவா சொன்னாள்? சிரித்துக்கொண்டு சொன்னாளா, சும்மா சொன்னாளா? கவனிக்கவில்லையா? டீயை மட்டும் குடித்தீர்களாக்கும்.

மணி அடிக்கிறது. முதல் மணிதான், ஆள் வர நேரம் இருக்கிறது. ஆனால்... இன்றைக்கு என்ன, முதல் மணிக்கே இவ்வளவு பேர் வருகிறார்கள்? ஒரு நாளும் இப்படி வரமாட்டார்களே. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் முன்னால் வந்து உட்காருகிறார்களே. ஜெபசிங் எதற்குப் போனைக் கையில் வைத்திருக்கிறான்?

அந்தா, ரோஸ்லெட் அக்கா. வெள்ளைச் சேலை. கைக்குழந்தைக்காரிகள் பக்கம் போகவில்லை, முன்பெஞ்சுக்கு வருகிறாள். என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள் பாருங்கள். மடியில் கைக்குட்டையை விரித்து வைத்து மடிக்கிறாள். ஓரத்தோடு ஓரம் வைத்து, நிதானமாக.

அண்ணே. ஒரே ஒரு தட்டாவது.